மேசை, பீங்கான், சஹன்: ஓர் இராச்சாப்பாட்டின் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், நாங்க இந்த நாட்டுக்கு வந்த ஆக்களா?" பஸ்ஸில் யாரோ அப்படிச் சொன்னார்களாம். வகுப்பே அமைதியாகிவிட்டது. நான் பதில் சொல்ல வாயெடுக்க மணி அடித்தது. "அடுத்த பாடத்தில பேசுவம் மகள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் போயா விடுமுறை. இரவு தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். விருந்து என்று ஒன்றுமில்லை, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது மட்டும்தான். எங்கள் வீட்டு மேசையில் எப்போதும் பிள்ளைகளின் கொப்பிகள். அதனால் மூத்தம்மாவின் சாயம் போட்ட பன் பாயை நிலத்தில் விரித்து, அதன் மேல் சுப்ராத் துணியைப் போட்டு, நடுவில் சஹனை வைத்தேன். மஞ்சள் சோறு. சுற்றிவரச் சின்னப் பீங்கான்களில் கோழிக்கறி, சிவந்த மாசிச் சம்பல், பச்சைப் புதினாச் சம்பல், அச்சாறு, அன்னாசித் துண்டுகள். ஓரத்தில் சட்டித் தயிர். பார்க்கவே கண் நிறைந்தது. அப்போதுதான் நினைத்தேன், அந்தப் பிள்ளைக்கான பதில் இந்தப் பாயில்தானே இருக்கிறது என்று.

சொற்களிலிருந்து தொடங்குவோம். சஹன் அரபுச் சொல். எங்கள் பக்கம் சிலர் சவன் என்பார்கள். சுப்ராவும் அரபுதான். நபியவர்கள் உயர்ந்த மேசையில் வைத்து உண்டதில்லை, சுப்ராவில்தான் உண்டார்கள் என்று அனஸ் (ரழி) அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பீங்கானும் அச்சாறும் பாரசீகத்திலிருந்து வந்த சொற்கள். சம்பல் மலாய். மேசை, கோப்பை, கதிரை, குசினி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. பாய், சோறு, கறி மூன்றும் தமிழ். ஒரு நேரச் சாப்பாட்டை எடுத்து வைப்பதற்குள் ஐந்து மொழிகளைப் பேசிவிடுகிறோம்.

இனி நிறங்களுக்கு வருவோம். மஞ்சள் சோற்றுக்குள் கிடந்த ஒரு கராம்பை எடுத்துப் பாருங்கள். அதன் தாய்நிலம் கிழக்கே இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். மன்னார் மாவட்டத்தில் திருக்கேதீச்சரத்தை அண்டிய பழைய துறைமுகமான மாந்தையில் நடந்த அகழ்வில் ஒரு கராம்பு கிடைத்தது. அதன் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அதே மாந்தையில் சீனத்துப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தத் தீவின் கரையில் கிழக்கும் மேற்கும் சந்தித்திருக்கின்றன. அதே சோற்றில் கிடக்கும் கறுவாப்பட்டையோ இந்த மண்ணின் சொந்தப் பிள்ளை. அதைத் தேடித்தான் எல்லோரும் இங்கே வந்தார்கள்.

மாசியை எடுங்கள். மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன். 1340களில் அங்கே காதியாக இருந்த இப்னு பதூதா, அந்த மீனை அவித்துப் புகையில் உலர்த்தி வெளிநாடுகளுக்கு அனுப்புவதை எழுதியிருக்கிறார். அங்கிருந்து 1344இல் அவர் வந்திறங்கியது எங்கள் புத்தளத்தில்.

அந்தச் சம்பலைச் சிவப்பாக்கிய கொச்சிக்காய் அவருக்குத் தெரியாது. ஏனென்றால் அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் 1505இல் இங்கு வந்ததன் பிறகுதான் எங்கள் குசினிக்குள் நுழைந்தது. அதற்கு முன் உறைப்பு என்றால் மிளகுதான். மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது. சிங்களத்தில் மிளகுக்கு 'கம்மிரிஸ்' என்பார்கள், ஊர் மிரிஸ் என்று அர்த்தம். வந்தது பெயரை எடுத்துக்கொள்ள, ஊரிலிருந்தது 'ஊர்' என்று அடைமொழி போட வேண்டியதாயிற்று! அன்னாசியும் அதே அமெரிக்கக் கண்டத்துப் பழம்தான். அச்சாற்றைக் கைபிடித்துக் கற்றுத்தந்தவர்களில் மலாய்ச் சகோதரர்கள் முக்கியமானவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் சிப்பாய்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். கொச்சிக்காய் இல்லாத சம்பலை இந்த நாட்டில் எந்த வீட்டிலும் நினைத்துப் பார்க்க முடியாது. சிங்கள வீடு, தமிழ் வீடு, எங்கள் வீடு எல்லாம் ஒன்றுதான். யாரும் அதை வந்த பண்டம் என்று சொல்வதில்லை. ஆனால் கொச்சிக்காய்க்கு முன்பே இந்தக் கரையில் பாங்கு கேட்டது. வியாபாரத்துக்கு வந்து தங்கிய வாப்பாமாரும் எங்களுக்கு உண்டு, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த உம்மாமாரும் உண்டு. இரண்டையும் மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். அதில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று வரலாறு சொல்கிறது. ஒரு பௌத்த மன்னர் தந்த நிலத்தில், தமிழ் அயலவரோடு வேளாண்மை செய்து, மாடு வளர்த்து வாழ்ந்தார்கள். இந்தப் பாயில் இருந்த சோற்றையும் தயிரையும் தந்தது அந்த வாழ்க்கைதான்.

அரபு நாட்டுச் சாப்பாடும் அலங்காரமும்தான் அசல், எங்கள் பழைய சஹன் கலப்படம் என்று நினைக்கிற ஆட்கள் எங்களுக்குள்ளேயும் இருக்கிறார்கள். பஸ்ஸில் பேசியவருக்கும் இவர்களுக்கும் ஒரே பிழைதான். கலந்தது சொந்தமாகாது என்று இருவரும் நம்புகிறார்கள்.

சஹனைச் சுற்றி இருந்ததும் தம்பியின் சின்ன மகன் எதிர்ப்பக்கம் கையை நீட்டினான். உம்மா மெதுவாக அவன் கையைப் பிடித்து, "உங்களுக்கு முன்னால உள்ளத எடுங்க வாப்பா" என்றார். நபியவர்கள் ஒரு சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. ஒரே தட்டு, ஆனால் ஆளுக்கொரு பக்கம். மற்றவரின் பக்கத்தில் கைவைக்கக் கூடாது, யாரையும் தட்டிலிருந்து எழுப்பவும் கூடாது.

அடுத்த பாடத்துக்கு ஒரு வீட்டுவேலை கொடுக்கப் போகிறேன். இரவுச் சாப்பாட்டில் உள்ள பத்துப் பொருட்களின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும். மூத்தம்மா என்ன சொல்லுவா என்பதையும் கேட்டு எழுத வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து உலகப்படத்தில் குறிப்போம். கேள்வி கேட்ட பிள்ளையின் கையில்தான் பேனையைக் கொடுப்பேன்.

உங்கள் வீட்டுச் சஹனைச் சுற்றி என்னென்ன வைப்பீர்கள்? உங்கள் ஊரில் அவற்றுக்கு என்ன பெயர்? எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.