ஆறாம் நம்பர் கையுறை

என் கை அளவு 6. உள்ளங்கையின் சுற்றளவை இன்ச்சில் அளந்துதான் அறுவைச் சிகிச்சைக் கையுறைக்கு நம்பர் போடுகிறார்கள். 6, 6.5, 7, 7.5, 8 என்று போகும். 1989-இல் ஓர் அரசு மருத்துவமனையின் சர்ஜரி யூனிட்டில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த முதல் வாரமே, அந்தத் தியேட்டரில் 7-க்குக் கீழே கையுறை கிடையாது என்று தெரிந்துவிட்டது.

அப்போதெல்லாம் கையுறையை ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிய மாட்டோம். ஆபரேஷன் முடிந்து கழற்றிப் போட்டதைத் தியேட்டர் ஆயாம்மா சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் தொங்கவிடுவார். காய்ந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றைப் பிடித்து, மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் மெல்லிசாகக் காற்று கன்னத்தில் படும். ஓட்டையானதை ஒதுக்கிவிட்டு, மற்றதற்குப் பவுடர் தூவி, வாய்ப்பகுதியை வெளிப்புறமாக மடித்து, ஜோடி சேர்த்துத் துணிப் பைக்குள் வைத்து, மேலே நம்பர் எழுதி ஆட்டோகிளேவுக்கு அனுப்புவார். நூற்றுக்கணக்கான பைகள். ஒன்றிலும் 6 இல்லை.

7-ஐப் போட்டால் விரல் நுனியில் ரப்பர் தொங்கும். முடிச்சுப் போடும்போது சில்க் நூலோடு அந்த ரப்பரும் சேர்ந்து இறுகிவிடும். உருவி எடுத்து மறுபடி போட வேண்டும். எதிரே நிற்கும் சீஃப் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். “கை பழகலையே” என்பார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தியேட்டர் சிஸ்டர்தான் இரண்டாம் வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “டாக்டரம்மா, லேபர் வார்டுல போய்க் கேளுங்க. அங்கதான் 6 இருக்கும்” என்றார்.

இருந்தது. பெண் டாக்டர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்று ஸ்டோர் கணக்கு எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருஷம் முழுக்கப் பிரசவ வார்டில் கையுறை இரவல் வாங்கித்தான் குடலிறக்க ஆபரேஷனுக்கு அசிஸ்ட் பண்ணினேன்.

பல வருஷம் கழித்துத்தான் கையுறையின் கதையைப் படித்தேன். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுவை அரங்குக்கென்று செய்யச் சொன்ன அந்த ரப்பர் கையுறை, ஒரு பெண்ணின் கைக்காகவே செய்யப்பட்டது.

அவர் பெயர் கரோலின் ஹாம்ப்டன். தென் கரோலினாவைச் சேர்ந்தவர். நியூயார்க்கில் நர்ஸ் பயிற்சி முடித்து, 1889-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது அங்கே வந்து சேர்ந்தார். சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் தியேட்டருக்கு அவர்தான் பொறுப்பு. கிருமி நீக்கம் என்பது அந்தக் காலத்தில் தோலை உரிக்கிற வேலை. சோப்புப் போட்டுத் தேய்த்த கையைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் முக்கி, அந்தக் கறை போக ஆக்ஸாலிக் அமிலத்தில் முக்கி, கடைசியில் பாதரச குளோரைடு கரைசலில் நனைப்பார்கள். சித்த வைத்தியத்தில் வீரம் என்று சொல்வார்களே, அந்த நஞ்சு. டாக்டர்களை விட அதில் அதிகமாகக் கை வைத்தது நர்ஸ். அவர் கையும் முன்கையும் வெடித்துப் புண்ணாகிவிட்டன.

1889-90 குளிர்காலத்தில் அவர் முறையிட்டார். திறமையான நர்ஸை இழக்க மனமில்லாத ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் முன்கை வரை நீளும் மெல்லிய கையுறை இரண்டு ஜோடி செய்து தரும்படி கேட்டார். அது சரியாக அமைந்தது. மேலும் வாங்கினார்கள். 1890 ஜூனில் ஹால்ஸ்டெட்டும் கரோலினும் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்தோடு அவர் நர்ஸ் வேலையை விட்டார்.

இந்தக் கதையைக் காதல் கதையாகத்தான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கருவி எடுத்துக் கொடுக்கிறவர்கள், ஊசியில் நூல் கோக்கிறவர்கள் கையுறையோடு நின்றார்கள். கத்தி பிடிக்கிற சர்ஜன் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வயிற்றைத் திறந்தார். கையுறை வேலையாளின் தோலைக் காக்கிற பொருளாக இருந்ததே தவிர, நோயாளியின் உயிரைக் காக்கும் என்று அதிகம் பேருக்குத் தோன்றவில்லை. ஹால்ஸ்டெட்டின் கீழ் வேலை பார்த்த ஜோசப் பிளட்குட் 1890-களின் பிற்பகுதியில் தவறாமல் அதைப் போடத் தொடங்கினார். குடலிறக்க ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 1899-இல் வெளியிட்டார். கையுறை போட்ட பிறகு புண்ணில் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. கண் முன்னால் இருந்ததைப் பார்க்காமல் இத்தனை வருஷம் குருடாக இருந்துவிட்டோமே என்று ஹால்ஸ்டெட்டே பின்னால் வருத்தப்பட்டு எழுதினார். சிகிச்சையின் முடிவை எண்ணிப் பார்த்தபோதுதான் கண் திறந்தது.

ஹால்ஸ்டெட் இன்னொன்றையும் உண்டாக்கினார். சர்ஜன் ஆக விரும்புகிறவர் வருஷக்கணக்கில் மருத்துவமனைக்குள்ளேயே தங்கி, இரவு பகல் பாராமல் வேலை செய்து, படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற பயிற்சி முறை. வீட்டையும் பிள்ளையையும் வேறொருவர் பார்த்துக்கொள்கிற ஆணை மனதில் வைத்து வகுத்த முறை அது. பல நாடுகளிலும் அதைத்தான் பின்பற்றினோம். நானும் அப்படித்தான் தேறினேன். என் மகளின் முதல் இரண்டு வருஷத்தை என் அம்மா பார்த்துக்கொண்டதால் தேறினேன். அதே ஹாப்கின்ஸில் 1893-இல் மருத்துவக் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்தார்கள். மனமுவந்து இல்லை. பணம் திரட்டிக் கொடுத்த மேரி காரெட்டும் அவருடைய தோழிகளும், பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள்.

அதற்கும் 18 வருஷம் முன்னால், 1875-இலேயே, நம் மதராஸ் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்திருக்கிறது. மதராஸ் மாகாண சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர் அனுமதி கொடுக்க, நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், மதராஸில் வழக்கறிஞராக இருந்த வெள்ளைக்காரரின் மனைவி. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று, திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்கள் பிரசவத்தில் செத்துப்போவதைக் கேள்விப்பட்டுப் படிக்க வந்தவர். 1878-இல் இங்கே தேறி, லண்டன் போய் 1882-இல் பட்டம் வாங்கி, திரும்பி வந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று நாம் சொல்வது, 1885-இல் அவர் முயற்சியில் கோஷா ஆஸ்பத்திரியாகத் தொடங்கியதுதான். 1887-இல் உடல்நிலை காரணமாக லண்டன் திரும்பியவர், அங்கே பெண்களுக்கான மருத்துவமனையில் வயிற்று அறுவைச் சிகிச்சையில் பெயர் வாங்கினார். அவர் நோயாளிகளின் வயிற்றைத் திறந்து கட்டிகளை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. முதல் பெண் ஃபெல்லோ எலினர் டேவிஸ்-கோலி உள்ளே போனது 1911-இல்.

ஷார்லீப் திறந்தது பெரிய வாசல். ஆனால் அது ஒரே ஒரு அறைக்குள்தான் போயிற்று. பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கத்தான் பெண் டாக்டர் என்ற வாதத்தை வைத்துத்தான் அனுமதி கிடைத்தது. அந்த வாதமே பிற்பாடு வேலியாகிவிட்டது. நான் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி எடுக்கப் போகிறேன் என்றதும் நல்லெண்ணத்தோடு என்னிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்: “ஏம்மா, பேசாம ஓ.ஜி. எடுத்துக்கோயேன்.” ஓ.ஜி. என்றால் மகப்பேறும் மகளிர் நோயும். லேபர் வார்டில் கையுறை இரவல் கேட்டுப் போனபோது அங்கே இருந்த மேடமும் அதையேதான் சொன்னார்.

இந்தப் பத்து வருஷத்தில்தான் பிளட்குட் செய்த மாதிரி யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவச் செலவை அரசு ஏற்பதால், யார் யாருக்கு ஆபரேஷன் செய்தார், பிறகு என்ன ஆயிற்று என்பதெல்லாம் பதிவாகிவிடும். 2017-இல் வந்த முதல் ஆய்வில் 3,314 சர்ஜன்கள். பெண்கள் 774 பேர்தான். வயது, நோய், மருத்துவமனை, அனுபவம் எல்லாம் பொருந்துகிற மாதிரி 1,04,630 நோயாளிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். பெண் சர்ஜனிடம் போனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம் குறைவு. 2023-இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒரு வருஷம் வரை தொடர்ந்து பார்த்த கணக்கு வந்தது. மரணம், மறுபடி சேர்க்கை, சிக்கல் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது, ஆண் சர்ஜன்களின் நோயாளிகளில் 25 சதவீதம் பேருக்கு. பெண் சர்ஜன்களின் நோயாளிகளில் 20.7 சதவீதம் பேருக்கு. அதே ஆண்டு ஸ்வீடனிலிருந்து, ஒன்றரை லட்சம் பித்தப்பை ஆபரேஷன்களை வைத்து இன்னொன்று. பெண்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் நோயாளிகளுக்குச் சிக்கல் குறைவு. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த ஆபரேஷன்களில் பித்தநாளக் காயமும் குறைவு.

ஸ்வீடன் கணக்கைப் படித்தபோது அந்தச் சுவர்க் கடிகாரம்தான் ஞாபகம் வந்தது. மெதுவாகச் செய்கிறாள் என்று பதினைந்து வருஷம் கேட்டிருக்கிறேன். பித்தநாளம் எங்கே, தமனி எங்கே என்று தெளிவாகத் தெரிகிறவரை கிளிப் போட மாட்டேன். அந்த இரண்டு நிமிஷத்துக்காக நான் தலைகுனிந்து நின்ற நாட்கள் உண்டு.

பெண் கையில் ஏதோ தனி வரம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, அதை நம்பவும் இல்லை. 2022-இல் ஜப்பானில் எண்ணிப் பார்த்தபோது ஆண், பெண் இருவர் கையிலும் முடிவு ஒன்றுதான். அதுவும், ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளைப் பெண்களே அதிகம் ஏற்றிருந்த நிலையில். இத்தனை சல்லடைகளில் சலித்து மிஞ்சி நிற்கிறவள் சாதாரணமாகவே கவனமானவளாக இருப்பாள் என்பது என் எண்ணம். சுத்தத்துக்கும் பொறுமைக்கும் ஆண் பெண் கிடையாது. என் சீஃப்களில் இருவரிடம்தான் நான் பொறுமையைக் கற்றேன், இருவரும் ஆண்கள். ஆனால் 2022-இல் அதே ஒன்டாரியோவிலிருந்து வந்த கணக்கைத் தள்ளிவிட முடியவில்லை: ஆண் சர்ஜன் ஆபரேஷன் செய்த பெண் நோயாளிகளுக்கு, பெண் சர்ஜன் செய்தவர்களை விட மோசமான முடிவு நேரும் வாய்ப்பு 15 சதவீதம் அதிகம். ஆண் நோயாளிகளிடம் இந்த இடைவெளி இல்லை. கோஷாப் பெண்கள் ஆண் டாக்டரிடம் வராமல் செத்தார்கள். இந்தப் பெண்கள் வந்தார்கள். வலி என்று சொன்னதை யார் காதில் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கு எழும் கேள்வி.

2019-இல் வந்த ஒரு கணக்குப்படி, இத்தனை நல்ல முடிவு காட்டும் அந்த மாகாணத்துப் பெண் சர்ஜன்களுக்கு, தியேட்டரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆண்களை விட 24 சதவீதம் குறைவாகத்தான் கிடைக்கிறது. ஒரே ஆபரேஷனுக்கு ஒரே கட்டணம்தான். கட்டணம் அதிகமுள்ள ஆபரேஷன்கள் அவர்களிடம் வருவது குறைவு.

இப்போது கையுறை டப்பாவில் வருகிறது. ஒரு தடவை போட்டுக் கழற்றினால் குப்பைக்கு. தேவையானதை ஸ்டோருக்கு எழுதிக் கேட்கும் இன்டென்ட் பொறுப்பு என்னிடம் வந்த வருஷம், 6-க்கு நேரே 100 ஜோடி என்று எழுதினேன். ஸ்டோரில் இருந்தவர், “உங்க ஒருத்தருக்குத்தானே மேடம், இவ்வளவு எதுக்கு?” என்றார். போன வருஷம் யூனிட்டில் ஆறு முதுநிலை மாணவர்கள். மூன்று பேர் பெண்கள். தீபாவளிக்கு முன்பே 6 தீர்ந்துவிட்டது. ஒரு காலை ஸ்க்ரப் பண்ணிவிட்டுக் கையை உயர்த்தியபடி உள்ளே வந்த ஒரு பெண், காலியான ரேக்கைப் பார்த்தாள். “7 போட்டுக்கிறேன் மேம், பரவாயில்லை” என்றாள். வேண்டாம், நில்லு என்றேன். சிஸ்டர் லேபர் வார்டுக்குப் போன் போட்டார். பத்து நிமிஷத்தில் இரண்டு ஜோடி வந்தது. அன்று மத்தியானம் இன்டென்ட் நோட்டில் 6-க்கு நேரே 400 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.