மினமாட்டா விரிகுடாவின் சாட்சியங்கள்

சரித்திர ஆசிரியனாக முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். மாணவர் எதைச் சொன்னாலும், "அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பது என் வழக்கம். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், யாத்திரிகர் குறிப்பு என்று அவர்களும் வரிசையாக ஒப்பிப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கடற்கரை ஊரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், அந்த வரிசை எவ்வளவு குறுகியது என்று உணர்ந்தேன். அவ்வூரைப் பற்றிச் சாட்சி சொன்னவற்றுள் பூனைகளும் உண்டு.

ஜப்பானின் தெற்கே கியூஷு என்பது ஒரு பெருந்தீவு. அதன் மேற்குக் கரையில், ஷிரானுயி என்னும் உள்கடலை நோக்கி அமைந்த ஊர் மினமாட்டா. தீவுகள் சூழ்ந்திருப்பதால் அக்கடலில் அலை அடங்கியிருக்கும். மீனும் சிப்பியும் மிகுதி. கரையோரக் குடிகளுக்கு அவையே அன்றாட உணவு. அவ்வூருக்கு 1908 இல் ஓர் இரசாயனத் தொழிற்சாலை வந்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ என்று பெயர் கொண்ட கம்பெனி அது. 1932 முதல் அங்கே அசிட்டால்டிஹைடு என்னும் பொருளை உற்பத்தி செய்தார்கள். அசிட்டிலீன் வாயுவை நீரோடு கூட்டி அதைப் பெற வேண்டும். அவ்வினையைத் தூண்டுவதற்குப் பாதரச உப்பு தேவை. ஆலையின் கழிவு நீர் ஹியக்கென் என்னும் சிறு துறைமுகத்தின் வழியாக விரிகுடாவில் விழுந்தது. ஊருக்கு வேலையும் வரிப்பணமும் அளித்தது அந்த ஆலையே என்பதையும் மறந்துவிடலாகாது. பின்னால் நிகழ்ந்த பலவற்றுக்கு அதுவே காரணம்.

1954 ஆகஸ்டில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் ஒரு விந்தையான செய்தி வந்தது. மோதோ என்ற மீனவச் சிற்றூரில் பூனைகள் வெறிகொண்டாற்போல் சுழன்று விழுந்து இறந்தனவாம். பூனைகள் அற்றுப்போகவே எலிகள் பெருகிவிட்டன என்பது அவ்வூராரின் முறையீடு. மக்கள் அதைப் பூனைகளின் "நாட்டிய நோய்" என்று அழைத்தனர். படித்தவர்கள் அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை.

1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஆலையின் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். அவளால் நடக்க இயலவில்லை, பேச்சுக் குழறியது. சில நாளில் அவள் தங்கைக்கும் அதே நிலை. மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹொசோகாவா, மே மாதம் 1 ஆம் தேதி, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் புதியதோர் நோய் பரவுகிறதென்று சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். கை கால் மரத்துப் போதல், பார்வை குழாய் வழியே காண்பதுபோல் குறுகுதல், நடை தள்ளாடுதல், வலிப்பு, மயக்கம் என்று போய்ப் பலருக்கு மரணத்தில் முடிந்தது அந்நோய்.

தொற்று நோயாக இருக்குமோ என்று முதலில் அஞ்சினார்கள். நோயாளிகளின் வீடுகளில் மருந்து தெளித்தார்கள். அண்டை வீட்டார் அவர்களை ஒதுக்கினார்கள். ஆனால் குமமோட்டோ பல்கலைக் கழக ஆராய்ச்சிக் குழு அவ்வாண்டு நவம்பருக்குள்ளேயே, இது தொற்று அன்று, விரிகுடா மீனின் வழியே உடலில் சேரும் உலோக விஷம் போலும் என்று முடிவு செய்தது. எந்த உலோகம் என்பதுதான் தெரியவில்லை. மாங்கனீஸ், செலினியம், தாலியம் என்று ஒவ்வொன்றாக ஐயுற்றார்கள். சேற்றில் எல்லாமே இருந்தன. எதைக் குற்றவாளி என்பது?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விஷத்தின் பெயர் தெரியாவிட்டாலும், அது மீனில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அப்படியிருக்க, மீன்பிடிப்பைத் தடை செய்திருக்கலாம் அல்லவா? மாவட்ட நிர்வாகம் 1957 இல் மத்திய அரசாங்கத்தைக் கேட்டது. விரிகுடாவின் மீன்கள் யாவுமே நஞ்சுடையவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆகவே சட்டம் பொருந்தாது என்று விடை வந்தது. ஆதாரம் கேட்டே வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்த வரியைப் படிக்கையில் கூச்சமாக இருந்தது.

பெயரைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பழைய கட்டுரை. 1958 இல் மினமாட்டாவுக்கு வந்த மக்கல்பைன் என்ற ஆங்கிலேய நரம்பு மருத்துவர், இங்கிலாந்தில் விதை மருந்துத் தொழிலாளர் சிலருக்கு நேர்ந்த மெத்தில் பாதரச நஞ்சை நினைவு கூர்ந்தார். அதைப் பற்றி 1940 இல் ஹண்டர் முதலியோர் எழுதியிருந்தனர். நோய்க் குறிகள் அப்படியே பொருந்தின. குமமோட்டோ அறிஞர்கள் அந்த நோக்கோடு மீண்டும் தேடினார்கள். துறைமுக வாயிலின் சேற்றில் ஒரு டன்னுக்குச் சுமார் 2 கிலோ பாதரசம் இருந்தது! நோயாளி ஒருவரின் தலைமயிரில் பத்து லட்சத்தில் 705 பங்கு. வேற்றூராரின் மயிரில் சராசரி 4 பங்கு அளவே. 1959 ஜூலையில் அவர்கள் தங்கள் முடிவை வெளியிட்டனர்.

கம்பெனி மறுத்தது. அந்த மறுப்பில் ஒரு நுட்பம் இருந்தது. தாங்கள் பயன்படுத்துவது சாதாரணப் பாதரச உப்பு. நோயை உண்டாக்குவதோ கரியோடு பிணைந்த மெத்தில் பாதரசம். ஒன்று மற்றொன்றாக எப்படி மாறியது என்று காட்டுங்கள் என்றார்கள். நாங்கள் பள்ளியில் படித்த நாளில், உடைந்த வெப்பமானியிலிருந்து சிதறிய பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். அதன் ஆவி தீங்கானது என்பதைப் பின்னரே அறிந்தோம். ஆனால் மெத்தில் பாதரசம் அதனினும் கொடியது. உணவோடு சென்றால் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடும், மூளைக்குள்ளும் புகும். நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் செல்லச் செல்ல அதன் செறிவு ஏறிக்கொண்டே போகும். ஆகவே கம்பெனியின் கேள்வி நியாயமான கேள்விதான். விடை கிடைக்கும்வரை ஆலையை ஓட்டலாம் என்று கொண்டதுதான் நியாயமன்று. போர் முடிவில் கடலில் எறிந்த வெடிமருந்தே காரணம் என்றும், அழுகிய மீனில் உண்டாகும் அமைன்களே காரணம் என்றும் வேறு சிலர் கிளம்பினர். அறிஞரிடையே கருத்து வேற்றுமை என்று சொல்லிக் காலம் கடத்த அவை பயன்பட்டன.

அக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி ஆலைக்குள்ளேயே இருந்தது. நோயை முதலில் அறிவித்த அதே டாக்டர் ஹொசோகாவா, அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவு நீரைச் சோற்றில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்து வந்தார். அவர் குறிப்பேட்டில் அதன் எண் 400. 1959 அக்டோபர் 7 ஆம் தேதி அந்தப் பூனை சுழன்று விழுந்தது. கம்பெனியார் மேலும் சோதிக்க அப்போது அவருக்கு அனுமதி தரவில்லை. முடிவும் வெளியே வரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கழிவு நீரைத் தூய்மை செய்யும் சாதனமென்று ஒன்றை விழா எடுத்து நிறுவினார்கள். கரைந்த மெத்தில் பாதரசத்தை நீக்க அது அமைக்கப்பட்டதே அன்று. ஆயினும் ஆபத்து நீங்கிற்று என்று ஊர் நம்பியது.

ஹொசோகாவாவை எப்படி மதிப்பிடுவது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 1956 இல் அவர் பேசியிராவிடில் நோய் வெளிப்பட இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ! 1959 இல் அவர் பேசியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பரோ! இரண்டும் ஒரே மனிதர். மேலதிகாரியின் சொல்லுக்கு வாய் மூடியிருந்த நாட்கள் என் உத்தியோகத்திலும் உண்டு. ஆனால் அவற்றின் விளைவு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

1961 இல் ஹரடா என்ற இளம் மருத்துவர் ஒரு வீட்டுத் திண்ணையில் இரு சகோதரர்களைக் கண்டார். இருவருக்கும் ஒரே நோய்க் குறிகள். ஆனால் மூத்தவனுக்கு மினமாட்டா நோய், இளையவனுக்குப் பிறவி மூளைவாதம் என்று மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். இளையவன் மீனே உண்டதில்லை என்பது காரணம். தாய் அதை ஏற்கவில்லை. தான் உண்ட மீன்தான் கருவிலிருந்த பிள்ளையைத் தாக்கியது என்றாள். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்பது அக்கால மருத்துவ நூல்களின் கொள்கை. நூல்கள் தவறின, அந்தத் தாய் தவறவில்லை. 1962 நவம்பரில் 16 குழந்தைகள் பிறவி மினமாட்டா நோயாளிகளென்று ஏற்கப்பட்டனர்.

1963 இல் இருக்காயாமா என்ற பேராசிரியர் ஆலைச் சேற்றிலிருந்தே மெத்தில் பாதரசத்தைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அது கடலில் உருவானதன்று, வினைக்கலத்துக்குள்ளேயே பிறந்து வெளியேறியது. அதற்குப் பின்னும் ஆலை ஓடியது. 1965 இல் நீகாட்டாவில், அகானோ ஆற்றங்கரையில், வேறொரு கம்பெனியின் கழிவால் அதே நோய் தோன்றியது. மினமாட்டாவில் அசிட்டால்டிஹைடு உற்பத்தி நின்றது 1968 மே மாதம். அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது செப்டம்பரில், அதாவது ஆபத்து நீங்கிய பிறகு. மீனில்தான் விஷம் என்று தெரிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நோயாளிகள் வழக்குத் தொடுத்தனர். 1970 ஜூலையில், புற்று நோயுற்றுப் படுக்கையிலிருந்த ஹொசோகாவா, மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் 400 ஆம் பூனையைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். அக்டோபரில் இறந்தார். 1973 மார்ச்சில் நோயாளிகள் பக்கம் தீர்ப்பு வந்தது.

ஜப்பானியர், குழந்தையின் தொப்புள் கொடியை உலர்த்திச் சிறு மரப்பெட்டியில் வைத்துக் காப்பது வழக்கம். ஹரடா வீடு வீடாகச் சென்று, தாய்மாரிடம் அப்பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். ஆய்வின் முடிவு 1975 இல் வெளியாயிற்று. கொடிகளில் இருந்த மெத்தில் பாதரச அளவைப் பிறந்த ஆண்டு வாரியாக வைத்துப் பார்த்தபோது, ஆலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்திக் கணக்கோடு அது சேர்ந்தே ஏறி இறங்கிற்று. இதைவிட நம்பத்தக்க ஆவணத்தை நான் எந்தச் சுவடி நிலையத்திலும் கண்டதில்லை.

இரு இடங்களிலுமாக அரசு ஏற்றுக்கொண்ட நோயாளிகள் சுமார் 3,000 பேர், ஏற்கப்படாதோர் பன்மடங்கு. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரையே இட்டனர். இந்தியா 2018 இல் அதில் சேர்ந்தது. விரிகுடாவின் வாயில் 1974 இல் கட்டிய வலையை 1997 இல்தான் அவிழ்த்தார்கள். இடைக்காலத்தில் சேற்றை வாரி ஒரு பக்கத்தில் குவித்து, மேலே மண்ணிட்டு மூடி, 58 ஹெக்டேர் நிலம் ஆக்கினார்கள். அங்கே இப்போது பூங்கா இருக்கிறது. அதன் அடியில் அந்தச் சேறும் இருக்கிறது.