படத்தில் தெரியாத வலி

"ஸ்கேனில் ஒன்றுமே இல்லையாம், பிறகு எப்படி வலிக்கும்?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுவதுண்டு. நேயர்களே, இதற்கு விடை காண, தண்டுவடத்தைப் படம் பிடித்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

மூளையின் கட்டளையைக் கைகால்களுக்குக் கொண்டு செல்வதும், உடலின் வலியை மூளைக்குத் தெரிவிப்பதும் தண்டுவடம்தான். சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டுவிரல் பருமன். 1895-இல் ரோன்ட்கன் கண்டுபிடித்த எக்ஸ்ரே, சுற்றியுள்ள எலும்பைக் காட்டியதே தவிர தண்டுவடத்தைக் காட்டவில்லை.

1920-களில் பிரெஞ்சு மருத்துவர்கள் சிக்கார், ஃபோரெஸ்தியே இருவரும் ஒரு வழி கண்டனர். அயோடின் சேர்த்த கசகசா எண்ணெயை முதுகில் ஊசி மூலம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தனர். எண்ணெய் தடைபட்ட இடத்தில் கோளாறு என்று கணித்தனர். ஆனால் அந்தச் சோதனையே நோயாளிக்கு வேதனையானது. சிலருக்கு, தங்கிவிட்ட எண்ணெயால் தண்டுவட உறையில் அழற்சியும் ஏற்பட்டது.

இந்த நிலையை மாற்றியது எம்ஆர்ஐ. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் காந்தப் புலத்தில் எழுப்பும் சமிக்ஞையைப் படமாக்கலாம் என்று 1973-இல் லாட்டர்பர் காட்டினார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். 1980-களில் இக்கருவி மருத்துவமனைகளுக்கு வந்தபின், எண்ணெயும் ஊசியும் இன்றியே தண்டுவடத்தைக் காண முடிந்தது.

ஆனால் அது காட்டியது தண்டுவடத்தின் அமைப்பை மட்டுமே. அதன் இயக்கத்தை எப்படிக் காண்பது? ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைக் கொண்டு மூளையின் செயலை அறியலாம் என்று 1990-இல் ஒகாவா காட்டினார். தண்டுவடத்தில் அதே முறையைக் கையாள்வது கடினம். மூச்சும் இதயத் துடிப்பும் அதை அசைக்கின்றன. அருகிலுள்ள எலும்பும் நுரையீரல் காற்றும் காந்தப் புலத்தைக் குலைக்கின்றன.

எனினும் 2009-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் ஆய்வாளர்கள் ஒரு முக்கிய உண்மையை வெளியிட்டனர். வெறும் களிம்பைத் தடவி, "இது வலி நிவாரணி" என்று சொன்னபோது, சூடு பட்ட கையிலிருந்து வரும் வலியைப் பெறும் தண்டுவடப் பகுதியிலேயே செயல்பாடு குறைந்தது. மனத்தின் நம்பிக்கை தண்டுவடம் வரை இறங்குகிறது.

இத்தகைய இயக்கப் படம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் உள்ளது. மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கப்படும் படம் அமைப்பை மட்டுமே காட்டும். ஆகவே, படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக, வலிக்கிறது என்பவரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம்.