கடல் தாண்டாத ஓவியரும் கடல் தாண்டிய ஓவியரும்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். அப்பா சிவகாசியில் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டியவர். இவள் இன்று ஓவியர். ஐரோப்பாவில் மூன்று மாதம் தங்கிப் படம் வரைய அழைப்பு வந்திருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் அவள் குரலில் சந்தோஷம் இல்லை.

"நான் வரையறது தீப்பெட்டி ஒட்டுற பொம்பளைங்க கையை சார். அங்க யாருக்குப் புரியும்? திரும்பி வந்தா நம்ம ஊரு எனக்கே சின்னதாத் தெரிஞ்சிருமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும்? அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த வழக்கம் பழையது. 1666-இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ரோமில் ஒரு கலைக்கழகம் தொடங்கினார்கள். இளம் ஓவியர்கள் அரசாங்கச் செலவில் அங்கே தங்கி, பழைய சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துப் பயில வேண்டும். அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் வருவோம். ரவி வர்மாவின் ஓவியம் 1873-இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றது. 1893-இல் சிகாகோ கண்காட்சிக்கு அவருடைய பத்து ஓவியங்கள் போயின. அவர் மட்டும் கடல் தாண்டவில்லை. தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலம் அது. ஆனால் ஜெர்மன் தொழில்நுட்பம் அவரைத் தேடி வந்தது. 1894-இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள்.

அந்த வழியில் வந்தவர்தான் நமக்குப் பக்கத்து ஊர் கோவில்பட்டியில் வேர்விட்ட கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர்; நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் அச்சாகித் தமிழ்நாடெங்கும் சுவரில் தொங்கின. அந்த முருகன் முகத்தில் விழும் ஒளியும் நிழலும் ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்திலிருந்து வந்தவை. நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது அதை யோசிப்பதில்லை.

அந்தக் காலண்டர் அச்சுத் தொழிலே தீப்பெட்டி லேபிளில் தொடங்கியதுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு அந்தப் பயணம் ஒரு பிழைப்பைக் கொண்டுவந்தது. அதில் எத்தனையோ கைகள் தேய்ந்தன என்பதும் உண்மை. அந்தக் கைகளைத்தான் இவள் வரைகிறாள்.

இனி, கடல் தாண்டிய ஒருவர். கே.சி.எஸ். பணிக்கர், 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். 1954-இல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய ஓவியக் கண்காட்சிகள் நடந்தன. அன்றைய ஐரோப்பிய நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார். திரும்பி வந்து அதை அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற அவருடைய புகழ்பெற்ற ஓவிய வரிசை 1963-இல்தான் தொடங்கியது. இடையில் ஒன்பது ஆண்டுகள்! அந்த ஓவியங்களில் இருப்பவை ஜாதகக் கட்டங்களும், மலையாள எழுத்து போன்ற கிறுக்கல்களும், கணக்குக் குறிகளும். வீட்டுப் பரணில் கிடந்த ஜாதக நோட்டை அவர் புதுக் கண்ணோடு பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதோடு நிற்கவில்லை. அவரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பணம் சேர்த்து, சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். அது 1966. ரோமில் தொடங்கி முந்நூறு ஆண்டு கழித்து, அரசன் தயவில்லாமல், ஓவியர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட இடம்.

ஆகவே அவளிடம் சொன்னேன்: "ஊரு சின்னதாத் தெரியாது தாயி. இதுவரைக்கும் பாக்காத எதையாவது ஊருல பாப்ப. அதுக்கு வருசக்கணக்கா ஆகலாம். அவசரப்படாத."

ஒன்றை மட்டும் அவளிடம் போனில் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில், பானிபட் போர் நடத்திக்கொண்டிருந்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தாள் என்று அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவன் நான். அவள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கத்தை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

இதை நீ படிப்பாய் என்று தெரியும். இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. நல்லபடியாகப் போய் வா, தாயி. வந்ததும் அந்தப் படங்களை முதலில் எனக்குக் காட்டு.