ஞாயிறு வழிபாடு

இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்ற நம்பிக்கையே கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று கோயிலுக்குச் செல்வதற்கு அடிப்படை. பலரும் நினைப்பதுபோல், 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்நாளை ஓய்வுநாளாக அறிவித்ததால் பிறந்த வழக்கமல்ல இது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே ரோமில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் ஞாயிறு கூட்டத்தை விவரித்துவிட்டார்: வாசகம், அறிவுரை, எழுந்து நின்று மன்றாட்டு, அப்பமும் நீர் கலந்த திராட்சை இரசமும், வராதவர்களுக்கு வீட்டுக்கே பங்கு போகும், காணிக்கை கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும். கத்தோலிக்கருக்கு ஞாயிறு திருப்பலி கடமை. சனி மாலைத் திருப்பலியும் கணக்கில் சேரும். புராட்டஸ்டன்ட் சபைகளில் பிரசங்கமும் ஐக்கியமும் முன்நிற்கின்றன. ஞாயிறு உயிர்ப்பின் மகிழ்ச்சி நாள் என்பதால் அன்று முழந்தாளிடலாகாது என்ற நிசேயா சங்க (325) விதியை ஆர்த்தடாக்ஸ் மரபு இன்றும் மதிக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரோ சனிக்கிழமைதான் கூடுகிறார்கள்.