சக்சூக்காவின் வயது என்ன?

ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் செய்த தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்காக உலக உணவுகளைப் பற்றி ஒரு பயிற்றித்தாள் தயாரித்தேன். அதில் சக்சூக்கா என்னும் உணவின் படத்தை ஒட்டி, அதன் கீழே ‘ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த வட ஆப்பிரிக்க உணவு’ என்று எழுதினேன். எங்கோ படித்த நினைவு; சரிபார்க்கவில்லை. தாளை வாங்கிய மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். “டீச்சர், தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள்? கொலம்பஸ் போய் ஐந்நூறு ஆண்டுதானே ஆகிறது?” என்றாள். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு விடை இல்லை. வரலாறு கற்பிக்கும் நான் வரலாற்றைக் கணக்குப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன்! அன்று மாலையே நூல்களைத் தேடத் தொடங்கினேன். வீட்டில் வாணலியும் அடுப்பேறியது.

சக்சூக்காவைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். (கிரந்த எழுத்தை இயன்றவரை தவிர்ப்பவள் நான், ஆகவே இப்படியே எழுதுகிறேன்.) நம் வீட்டுத் தக்காளித் தொக்கைச் சற்றுத் தளர்வாக வைத்து, அதில் முட்டைகளைக் கலக்காமல் உடைத்து ஊற்றி, மூடி வேகவைத்தால் கிடைப்பதே அது. துனிசியா, அல்சீரியா, லிபியா ஆகிய நாடுகளின் அன்றாட உணவு. வட ஆப்பிரிக்க அரபு வழக்கில் அப்பெயருக்குக் ‘கலவை’ என்று பொருள் கூறுவர்.

அந்த வாணலியில் இருக்கும் பொருள்களை இரண்டு கூறாகப் பிரித்துப் பாருங்கள். ஒலிவ எண்ணெய், வெங்காயம், பூண்டு, சீரகம், முட்டை ஆகியவை மத்தியதரைக் கடற்கரையில் உரோமானியர் காலத்திலேயே இருந்தவை. இன்றைய துனிசியா அமைந்துள்ள நிலப்பகுதி அன்று உரோமாபுரிக்கு ஒலிவ எண்ணெயைக் கப்பல் கப்பலாக அனுப்பியது. மற்றொரு கூறு தக்காளி, குடைமிளகாய், மிளகாய். இம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மெக்சிகோவின் அசுடெக்கு மக்கள் ‘தொமாத்ல்’ என்று வழங்கிய சொல்லிலிருந்தே ‘டொமேட்டோ’ பிறந்தது. 1492க்கு முன்னர் இவற்றுள் ஒன்றைக்கூட ஆப்பிரிக்காவில் எவரும் சுவைத்ததில்லை. ஓர் உணவின் வயதைக் கணிக்க விரும்பினால் அதில் உள்ள மிக இளைய பொருளின் வயதைத்தான் பார்க்க வேண்டும். என் மாணவி செய்தது அதைத்தான்.

கடலைக் கடந்தவுடன் தக்காளி அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிடவில்லை. இத்தாலிய மருத்துவர் மத்தியோலி 1544இல் அதைப் பற்றி எழுதியபோது, நச்சுத்தன்மை உடையதாகக் கருதப்பட்ட செடிகளின் குடும்பத்தோடு சேர்த்தே எழுதினார். அச்சத்தால் பலர் அதை அழகுச் செடியாகவே வளர்த்தனர். நேப்பிள்சு நகரில் 1690களில் அச்சேறிய அந்தோனியோ இலத்தீனியின் சமையல் நூலில்தான் ‘எசுப்பானிய முறை’ என்னும் பெயரோடு தக்காளிக் குழம்பு ஒன்று இடம்பெறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காத்திருப்பு!

துனிசியாவுக்கு இப்பயிர்கள் சென்ற வழியிலும் எசுப்பானியரின் சுவடு தெரிகிறது. 1535இல் துனிசு நகரை எசுப்பானிய மன்னர் ஐந்தாம் சார்லசு கைப்பற்றினார். 1574இல் உதுமானியத் துருக்கியர் அதை மீட்டனர். பின்னர் 1609 முதல் 1614 வரை, எசுப்பானியாவில் எஞ்சியிருந்த முசுலிம் மரபினரான மொரிசுக்கோ மக்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையினர் துனிசியாவில் அடைக்கலம் புகுந்து தோட்டம் போட்டார்கள். தெசுத்தூர் என்னும் ஊர் அவர்கள் அமைத்ததே. வீட்டை இழந்து வந்தவர்களும் புதிய காய்களை அங்குக் கொண்டுவந்தவர்களுள் அடங்குவர் என்பதை வகுப்பில் சொன்னபோது, எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பின்வரிசைகூட அமைதியானது.

இனிச் சமையலுக்கு வருவோம். நால்வருக்கு ஆறு பழுத்த தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், ஒரு சிவப்புக் குடைமிளகாய், நான்கு பல் பூண்டு, நான்கு முட்டை போதும். வெங்காயமும் குடைமிளகாயும் எண்ணெயில் நன்றாகக் குழையட்டும்; இங்கே அவசரப்பட்டால் பிறகு எதைச் சேர்த்தும் பயனில்லை. பூண்டு, சீரகத்தூள், மிளகாய்த்தூள் சேர்த்த பின் தக்காளி. கரண்டியால் கோடு கிழித்தால் அக்கோடு ஒரு நொடி நிற்க வேண்டும், அதுவே பதம். குழிகள் செய்து முட்டையை உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெள்ளை இறுகிவிடும், மஞ்சள் இளகியிருக்கும். முதல் முறை நான் தொலைபேசியை எடுக்கப் போய்விட்டேன். மஞ்சள் கல்லானது. சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் முழுமையாக வேகவைத்தே கொடுங்கள்.

சுவையை மாற்ற விரும்புவோர்க்கு அந்தந்த நாட்டு மக்களே வழிகாட்டுகிறார்கள். துனிசியர் அரிசா என்னும் மிளகாய் விழுதைச் சேர்ப்பர். 2022இல் அரிசாவை யுனெசுகோ பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அவர்களே மெர்கேசு எனும் கார ஆட்டிறைச்சிச் சாசேசைப் போட்டு ‘ஒச்சா’ என்று ஓர் உறவுக்கார உணவையும் சமைக்கிறார்கள். லிபியாவில் உப்பிட்டு உலர்த்திய இறைச்சி சேர்ப்பதுண்டு. துருக்கியரின் மெனெமெனில் முட்டையைக் கலக்கிவிடுவார்கள். அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று 2018இல் வேதாத்து மிலோர் என்னும் உணவு விமர்சகர் இணையத்தில் கேட்க, நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். வெங்காயம் மயிரிழையில் வென்றது. நம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அதில் நூற்றில் ஒரு பங்கினர் வந்தால்கூட மகிழ்வேன்!

என் வீட்டில் கறிவேப்பிலையும் உருளைக்கிழங்கும் சேர்ந்தன. தொட்டுக்கொள்ள ரொட்டிச் சானாய். என் மாமியார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “இது முட்டைத் தொக்குதானே? இதற்கா இவ்வளவு புத்தகம்?” என்றார்.

பலர் இன்று சக்சூக்காவை இசுரேலிய உணவாகவே அறிவர். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948க்குப் பிறகு வட ஆப்பிரிக்க யூதர்கள் பெருமளவில் அங்குக் குடியேறினர். லிபியாவிலிருந்து மட்டும் 1949 முதல் 1951 வரை ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் சென்றனர். 1949 முதல் 1959 வரை இசுரேலில் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. இறைச்சி அரிதான வீடுகளில் இத்தகைய எளிய உணவே கைகொடுத்தது. பின்னர் யாப்பா நகரில் திரிப்போலி வழிவந்த ஒருவர் இதன் பெயரிலேயே உணவகம் நடத்திப் புகழ்பெற்றார். இலண்டனில் வாழும் ஒட்டோலெங்கி 2010இல் ‘பிளெண்டி’ என்னும் நூலில் இதன் செய்முறையை வெளியிட, ஆங்கிலம் படிக்கும் உலகெங்கும் இது பரவியது. பாலத்தீனரும் இதைத் தம் வீடுகளில் சமைக்கிறார்கள். எனவே ‘இது எங்களுடையது’ என்னும் வழக்கு சூடாகவே நடக்கிறது. பயிற்றித்தாளில் ஒரே நாட்டின் கொடியை இதன் அருகே வரைவது சரியன்று என்பது என் கருத்து.

மறுவாரம் திருத்திய தாளைக் கொடுத்தேன். பழைய வரியின் மேல் கோடிட்டு, ‘தக்காளி வந்த பிறகு தோன்றியது’ என்று எழுதியிருந்தேன். யார் பிழையைக் கண்டுபிடித்தார் என்பதையும் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் மணி அடித்ததும் என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், அப்படியென்றால் மிளகாய் வருவதற்கு முன் இங்கே சம்பலுக்குக் காரம் எப்படி வந்தது?”

இம்முறை விடை கைவசம் இருந்தது. மிளகு, இஞ்சி, திப்பிலி. மிளகு போன்று காரமான காய் என்பதால் நாம் மிளகாய் என்றோம். மலாய்க்காரர்கள் மிளகாயைச் ‘சபை’ என்கிறார்கள் அல்லவா? அப்பெயர் முன்னர் சாவகத் திப்பிலிக்கு உரியது. இந்தோனேசியாவில் இன்றும் திப்பிலியைச் ‘சபே சாவா’ என்றே அழைக்கிறார்கள். அவள் குறிப்பேட்டை எடுத்து இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள்.