தேனாம்பேட்டை மைனர் பங்களா

தோட்டத்தின் நடுவே ஒரு பெரிய மாளிகை, அதற்குள் ஒருவரையொருவர் நன்கறிந்த சிலர், பொழுது விடிவதற்குள் ஒரு பிரேதம் என்று அமைந்த கதைகளை எழுதிப் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. அதற்கு முந்திய வருஷமே அத்தகைய சம்பவம் ஒன்று சென்னையில் மெய்யாகவே நடந்துவிட்டது.

மாளிகையின் பெயர் நியூவிங்டன். ஊரார் வழங்கியது மைனர் பங்களா என்று. 1802ஆம் வருஷத்து நிரந்தர ஒப்பந்தத்தால் ஜமீன்தார்களாகிவிட்ட பழைய பாளையக்காரர் வம்சங்களில், தகப்பனார் காலமாகும்போது வாரிசு வயது வராத பாலகனாக இருந்தால், ஜமீனின் நிர்வாகம் கோர்ட் ஆப் வார்ட்ஸ் வசம் போய்விடும். 1902ஆம் வருஷத்துச் சட்டம் இவ்வதிகாரத்தை விஸ்தாரமாக வகுத்தது. சர்க்கார் ஏற்றுக்கொண்டது நிலத்தோடு நிற்கவில்லை, பாலகனையும் ஏற்றுக்கொண்டது. தாயாரிடமிருந்தும் குலதெய்வத்தின் சந்நிதியிலிருந்தும் பிரித்துக் கொணர்ந்த அப்பிள்ளைகளை, ஆங்கிலமும் ஆங்கில நடையுடை பாவனைகளும் பயிற்றி, ராஜவிசுவாசமுள்ள பிரபுக்களாக ஆக்குவதே பங்களாவின் நோக்கம். சொந்த ஊரில் பெரியவர்களும் எழுந்து நின்று வணங்கும் ஒரு சிறுவன், இங்கே ஒரு துரையின் கண்ணசைவுக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு இவ்வழக்கைப் பேசுவதில் பொருளில்லை என்பது என் துணிபு.

அங்கே பிரின்ஸிபாலாக இருந்த கிளெமென்ட் டி லா ஹே துரை, 1919 அக்டோபரில் ஓரிரவு, படுக்கையில் உறங்கிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இரு வாலிபர்கள், கடம்பூர் மைனரும் சிங்கம்பட்டி மைனரும், பிடிபட்டார்கள். துரை தமிழரை இழிவாகப் பேசியதனால் மூண்ட ரோஷம் என்றனர் சிலர். துரைசானியைப் பற்றியும் வம்பு பேசினர் சிலர். இந்த இரண்டாவது பேச்சு, கணவனைப் பறிகொடுத்த ஒரு ஸ்திரீயின் மேல் ஊர் சுமத்திய அபவாதம் என்பதற்கு மேல் எவ்வித மதிப்பும் பெறத் தக்கதன்று.

சென்னையில் ஜனங்களின் உணர்ச்சி கொந்தளித்ததால் விசாரணை பம்பாய் ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. சிங்கம்பட்டி மைனர் அப்ரூவராக மாறினார். ஆயினும் கடம்பூர் மைனர் குற்றவாளி அல்லர் என்றே தீர்ப்பாயிற்று. கொன்றவர் யாரென்பதை நியாயஸ்தலம் நிலைநாட்டவேயில்லை. எதிரிக்காக வாதாடி வென்ற பாரிஸ்டர் சுவாமிநாதனை, அதுவரை அவரோடு கலந்து பழகிய வெள்ளைக்காரச் சமூகம் ஒதுக்கிவைத்தது. அந்த அவமதிப்பால் வீட்டில் ஆங்கில நடையுடைகள் மாறிப்போனதை, பிற்காலத்தில் நேதாஜியின் படையில் ஜான்ஸி ராணிப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவருடைய புதல்வி கேப்டன் லட்சுமி நினைவுகூர்ந்திருக்கிறார்.

துப்பறியும் கதையானால் தீர்ப்போடு முடிந்திருக்கும். இதுவோ தாமிரபரணி உற்பத்தியாகும் மலைகளுக்குப் போயிற்று. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், மாஞ்சோலைப் பகுதியில் சுமார் 8,374 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகையாக எழுதிக் கொடுத்தது. கொலை வழக்கின் செலவால் நேர்ந்த கடனே அதற்குக் காரணம் என்று அம்பாசமுத்திரம் பக்கத்தில் இன்றும் சொல்லுகிறார்கள். வழக்குக்கும் குத்தகைக்கும் இடையே பத்து வருஷம் கிடப்பதால், வழக்கொன்றே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன்; ஆனால் ஒரு சிற்றரசின் பொக்கிஷத்தை வக்கீல் பீஸ் எவ்வளவு தூரம் வற்றச் செய்யும் என்பதை அறிந்தவர்கள், ஊர்ப்பேச்சை அடியோடு தள்ளவும் மாட்டார்கள்.

காடு தேயிலைத் தோட்டமாயிற்று. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றின் லயங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் எவரும் நியூவிங்டனைக் கண்டவர்களல்லர். ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1952இல் அந்தக் காடு சர்க்கார் வசமான பின்பும் குத்தகை நீடித்தது. 1999 ஜூலை 23ஆம் தேதி, அத்தொழிலாளரின் குறைகளை முறையிடத் திருநெல்வேலியில் ஊர்வலமாய்ச் சென்றவர்களைப் போலீஸார் தாக்கியபோது, தாமிரபரணியில் 17 பேர் மாண்டனர். குத்தகையின் தவணை 2028இல்தான் முடிகிறது. அதற்கு முன்னரே, 2024இல், கம்பெனி வேலையை நிறுத்திவிட, லயங்களைக் காலி செய்யும்படி தொழிலாளருக்குச் சொல்லப்பட்டது.